திரையரங்குகளில் பெருந்தொற்றுப் பாதுகாப்பும் தனிநபர் பொறுப்பும்

திரையரங்குகளில் பெருந்தொற்றுக் காலத் தனிநபர் பொறுப்பு என்பது, தொற்றுநோய் பரவும் காலத்தில் திரையரங்கு போன்ற பொது இடங்களுக்குச் செல்லும் ஒருவர், தன்னையும் பிறரையும் காக்கும் பொருட்டுக் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளையும் அவற்றின் சட்ட, அறக் கடமைகளையும் குறிக்கும். கோவிட்-19 பெருந்தொற்றின் போது, 2020 முதல் 2022 வரை, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இது பெரிதும் விவாதிக்கப்பட்டது. அரசின் விதி, உரிமையாளரின் ஏற்பாடு, பார்வையாளரின் நடத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தே அரங்கின் பாதுகாப்பு அமைகின்றது. முதல் இரண்டையும் அதிகாரிகள் சோதித்து அறியலாம். மூன்றாவது பெரும்பாலும் பார்வையாளரின் மனச்சான்றையே சார்ந்தது.

## நோய் பரவும் விதம்

கோவிட்-19 நோய், தொற்றுக்கு உள்ளானவர் பேசும்போதும் இருமும்போதும் சிரிக்கும்போதும் வெளிப்படும் துளிகளாலும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களாலும் பரவுகின்றது. மூடிய இடம், குறைந்த காற்றோட்டம், நெருங்கிய இருக்கை, நீண்ட நேரம் ஆகிய நான்கும் திரையரங்கில் ஒருங்கே அமையக்கூடும். தமிழ்த் திரைப்படங்கள் பல இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வரை ஓடுபவை. விருப்ப நடிகரின் படத்தின் முதல் காட்சியில் எழும் ஆரவாரமும் துகள்களின் அளவைக் கூட்டும்.

அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரு நாட்கள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். எனவே வாயிலில் உடல் வெப்பநிலையை அளப்பதால் மட்டும் நோயுள்ள அனைவரையும் கண்டறிய இயலாது.

## முன்வரலாறு

பெருந்தொற்றின் போது அரங்குகளை மூடுவது புதிய வழக்கமன்று. 1918 ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா பரவியபோது, ஐக்கிய அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் அக்டோபர் தொடக்கத்திலேயே அரங்குகளையும் பள்ளிகளையும் மூடியது. பிலடெல்பியா நகரமோ செப்டம்பர் 28 அன்று பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்தியது. அங்கு இறப்பு வீதம் பன்மடங்கு அதிகமாக இருந்தது. இந்தியாவில், ஆகஸ்ட் 2009 இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது மும்பை, புனே நகரங்களில் திரையரங்குகள் சில நாட்கள் மூடப்பட்டன.

## தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்

தமிழ்நாட்டுத் திரையரங்குகள் மார்ச் 2020 நடுப்பகுதியில் மூடப்பட்டன. அக்டோபர் 15, 2020 முதல் 50 விழுக்காடு இருக்கைகளுடன் திறக்க மத்திய அரசு அனுமதித்தது. இறுதி முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அம்மாதமே அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் நவம்பர் 10 அன்றே அரங்குகள் திறந்தன.

இவ்வேறுபாட்டுக்குக் காரைக்கால் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். புதுச்சேரியைச் சேர்ந்த இம்மாவட்டம், கிழக்கே கடலும் ஏனைய பக்கங்களில் தமிழ்நாடும் சூழ அமைந்தது. அதன் தென் எல்லையில் உள்ள கீழவாஞ்சூரை அடுத்து நாகூர் அமைந்துள்ளது. அந்த இடைப்பட்ட வாரங்களில் எல்லையின் ஒருபுறம் அனுமதிக்கப்பட்ட திரையிடல், மறுபுறம் தடை செய்யப்பட்டிருந்தது. நோய் பரவும் முறை இருபுறமும் ஒன்றே. எனவே அரசின் அனுமதி ஒன்றையே பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ள இயலாது என்பதை இது காட்டுகின்றது.

## 100 விழுக்காட்டு ஆணை

2021 பொங்கலுக்கு மாஸ்டர், ஈஸ்வரன் ஆகிய திரைப்படங்கள் வெளிவரவிருந்த நிலையில், எல்லா இருக்கைகளையும் நிரப்ப அனுமதிக்குமாறு திரைத்துறையினர் கோரினர். தமிழ்நாடு அரசு ஜனவரி 4 அன்று அதற்கு அனுமதி அளித்தது. பல மாதங்கள் வருவாய் இழந்த உரிமையாளரும் ஊழியரும் இதனை வரவேற்றனர்.

அவ்வேளையில் புதுச்சேரியைச் சேர்ந்த இளநிலை மருத்துவர் ஒருவர் எழுதிய திறந்த மடல் பரவலாகப் படிக்கப்பட்டது. மருத்துவரும் காவலரும் துப்புரவுப் பணியாளரும் களைத்துவிட்டனர் என்பது அதன் சாரம். ஜனவரி 6 அன்று மத்திய உள்துறை, இவ்வாணை தன் வழிகாட்டுதலுக்கு முரணானது எனக் கடிதம் எழுதியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 50 விழுக்காட்டைத் தொடரக் கூறியது. ஜனவரி 8 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. பின்னர் வரம்பை மீறியதாகச் சென்னையில் சில அரங்குகள் மீது வழக்குகள் பதியப்பட்டன.

பிப்ரவரி 2021 இல் முழு இருக்கைக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டாம் அலையின் போது ஏப்ரல் 26 அன்று தமிழ்நாட்டு அரங்குகள் மீண்டும் மூடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று திறக்கப்பட்டன.

## பார்வையாளரின் கடமைகள்

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சு அக்டோபர் 6, 2020 அன்று வெளியிட்ட நடைமுறை விதிகளில் பார்வையாளரைச் சார்ந்தவை:

- நோய் அறிகுறி இருப்பின் அரங்குக்குச் செல்லாதிருத்தல்
- எப்போதும் முகக்கவசம் அணிதல்
- விலக்கி வைக்கப்பட்ட இருக்கைகளில் அமராதிருத்தல்
- வரிசையில் 6 அடி இடைவெளி பேணல்
- இருமும்போது கைக்குட்டையாலோ மடித்த முழங்கையாலோ வாயை மூடுதல்
- எச்சில் துப்பாதிருத்தல்
- தொடர்பறிதலுக்காகத் தொலைபேசி எண் அளித்தல்

இவற்றுள் முதலாவதே கடினமானது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கியவர், இலேசான காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் செல்ல முற்படலாம். அவருக்கு நேரக்கூடிய இழப்பு சீட்டின் விலை மட்டுமே. அருகில் அமர்ந்தவரின் வீட்டிலுள்ள முதியவருக்கோ அது உயிர் இழப்பாகலாம். நாள்தோறும் பல காட்சிகளில் பணிபுரியும் ஊழியருக்கு விலகியிருக்கும் வாய்ப்பும் குறைவு.

## சட்ட நிலை

உயிருக்கு ஆபத்தான தொற்றைக் கவனக்குறைவாகப் பரப்புதல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269 ஆம் பிரிவின் கீழ் குற்றமாக இருந்தது. ஜூலை 1, 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 271 ஆம் பிரிவு அதே குற்றத்தைக் குறிக்கின்றது. செப்டம்பர் 2020 இல் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் (1939) திருத்தப்பட்டு, முகக்கவசம் அணியாதோருக்கு 200 ரூபாயும் பொது இடத்தில் துப்புவோருக்கு 500 ரூபாயும் தண்டத் தொகையாக விதிக்கப்பட்டன.

டிசம்பர் 2021 இல் புதுச்சேரி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மே 2, 2022 அன்று, ஒருவரைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வற்புறுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பொது நலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அது கூறியது.

## பொறுப்பின் எல்லை

தனிநபர் பொறுப்பு பிற பொறுப்புகளுக்கு மாற்றாகாது. குளிர்சாதன வெப்பநிலையை 24 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வைத்தல், வெளிக்காற்றை உட்செலுத்தல், காட்சிகளுக்கு இடையே தூய்மை செய்தல் ஆகியன உரிமையாளரின் கடமைகள். காற்று எவ்வளவு மாறுகின்றது என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை. அவ்வாறே, காய்ச்சலுடன் வருபவர் அதனை மறைத்தால் உரிமையாளர் அறிய வழியில்லை.

மார்ச் 31, 2022 உடன் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மைச் சட்ட ஆணைகள் முடிவுற்றன. மே 5, 2023 அன்று கோவிட்-19 தொடர்பான உலகளாவிய சுகாதார நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கட்டாய விதிகள் விலகிய பின்னரும், காய்ச்சலோ இருமலோ உள்ளபோது கூட்டத்தைத் தவிர்த்தல் ஏனைய சுவாச நோய்களுக்கும் பொருந்தும் நடைமுறையாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

- கோவிட்-19 பெருந்தொற்று
- காரைக்கால் மாவட்டம்
- தனிமைப்படுத்தல்
- முகக்கவசம்