கனடா சிறைத்துறையில் பாதிக்கப்பட்டோர் சேவை

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும், கொலையுண்டவரின் குடும்பத்தாருக்கும், குற்றவாளியின் தண்டனைக் காலம் முழுவதும் அவரைப் பற்றிய தகவல்களைத் தந்து, பரோல் முடிவுகளில் அவர்கள் கருத்தைச் சொல்ல வழிசெய்யும் அரசுப் பணி. கனடாவில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்கள் கூட்டாட்சி அரசின் சீர்திருத்தப் பணித்துறையின், அதாவது சிறைத்துறையின், பொறுப்பில் வருகிறார்கள். அவர்களில் யாரை எப்போது வெளியே விடலாம் என்பதைத் தனி அமைப்பான கனடா பரோல் வாரியம் முடிவு செய்கிறது. பாதிக்கப்பட்டோர் சேவையை இந்த இரண்டு அமைப்புகளும் சேர்ந்தே நடத்துகின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை என்றால் மாகாணச் சிறை. அங்கே விதிகளும் அலுவலகங்களும் வேறு. தன் வழக்கு எந்தப் பக்கம் சேரும் என்பதே தெரியாமல் அலைந்தவர்கள் உண்டு.

1980களின் தொடக்கம் வரை தீர்ப்பு வந்ததோடு பாதிக்கப்பட்டவரின் பங்கு முடிந்துவிடும். குற்றம் அரசுக்கு எதிரானது, வழக்கை நடத்துவது அரசு, தண்டனையை நிறைவேற்றுவதும் அரசு. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. சஸ்காட்செவன் மாகாணம் 1967இல் குற்றப் பாதிப்பு இழப்பீட்டைக் கொண்டுவந்தது. மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் பணம் கொடுத்த அரசு, தகவல் கொடுக்க நினைக்கவில்லை. தாக்கியவர் எந்தச் சிறையில் இருக்கிறார், எப்போது வெளியே வருவார் என்று கேட்டால், அது கைதியின் அந்தரங்கம் என்ற பதிலே கிடைத்தது.

இந்த நிலையை மாற்றியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை இழந்த பெற்றோர். 1980, 1981ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிளிஃபர்ட் ஆல்சன் என்பவன் பதினொரு சிறுவர் சிறுமியரைக் கொன்றான். உடல்கள் கிடக்கும் இடங்களைக் காட்டுவதற்காகக் காவல்துறை அவன் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது வெளியே வந்தபோது நாடே கொதித்தது. மகனை இழந்த கேரி, ஷரன் ரோசன்ஃபெல்ட் தம்பதியர் 1984இல் வன்முறைக்குப் பலியானவர்களுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்டாரியோவில் 1991இல் மகளைப் பறிகொடுத்த பிரிசில்லா டி வில்லியர்ஸ் தொடங்கிய இயக்கம் சட்டத் திருத்தம் கேட்டு லட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டியது. சட்டப் புத்தகத்தில் இன்று இருக்கும் பல பிரிவுகளுக்கு இவர்களின் பிடிவாதமே காரணம். குற்றவியல் அறிஞர்கள் இதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே சொல்லிப் போகிறார்கள். அது நியாயமில்லை.

1985 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபை, குற்றத்தாலும் அதிகார முறைகேட்டாலும் பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளின் பிரகடனத்தை ஏற்றது. அந்தப் பிரகடனத்துக்காக உழைத்தவர்களில் ஒட்டாவா பல்கலைக்கழகப் பேராசிரியர் இர்வின் வாலர் முக்கியமானவர். 1988இல் கனடாவின் கூட்டாட்சி, மாகாண நீதி அமைச்சர்கள் தங்களுக்கென ஒரு கோட்பாட்டு அறிக்கையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு நடந்த குற்றவியல் சட்டத் திருத்தம், தண்டனை விதிக்கப்படும் முன் பாதிப்பு அறிக்கை தரும் வழியைத் திறந்தது. ஆனால் இவையெல்லாம் நீதிமன்றத்தோடு நின்றன. சிறைக் கதவுக்குள் நுழையவில்லை.

அந்தக் கதவு 1992 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் மற்றும் நிபந்தனை விடுதலைச் சட்டத்தால் திறந்தது. அதன் 26ஆம் பிரிவு சிறைத்துறையையும், 142ஆம் பிரிவு பரோல் வாரியத்தையும், கேட்கும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தரப் பணித்தன. குற்றவாளியின் பெயர், குற்றம், தண்டனை தொடங்கிய நாள், அதன் நீளம், பரோலுக்குத் தகுதி பெறும் நாள் ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தச் சிறையில் இருக்கிறார், எப்போது எந்த ஊருக்கு விடுவிக்கப்படுகிறார், என்ன நிபந்தனைகள் என்பவற்றைக் கைதியின் அந்தரங்கத்தோடு எடைபோட்டு அதிகாரிகள் சொல்லலாம். பரோல் விசாரணையைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கவும், முடிவின் நகலைக் கேட்டுப் பெறவும் அதே சட்டம் வழிவகுத்தது.

‘கேட்கும்’ என்ற சொல்லில்தான் இந்தச் சேவையின் பலவீனம் முழுதும் அடங்கியிருக்கிறது. தகவல் தானாக வராது. பாதிக்கப்பட்டவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். தீர்ப்பு நாளன்று மனம் உடைந்து வீடு திரும்பும் ஒரு தாயிடம் அப்படியொரு படிவம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நெடுங்காலம் யாருடையதாகவும் இல்லை. நீதிமன்றம் மாகாணத்தின் கையில், சிறை கூட்டாட்சியின் கையில். இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்கள் ஏராளம்.

அடுத்த கட்டம் பேசும் உரிமை. 1998இல் நாடாளுமன்ற நீதிக் குழு அளித்த அறிக்கை, பாதிக்கப்பட்டவருக்குக் குரல் வேண்டும், ஆனால் முடிவைத் தடுக்கும் அதிகாரம் கூடாது என்ற நிலையை எடுத்தது. இன்றுவரை கனடா அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. 2001 ஜூலை 1 முதல் பரோல் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தன் அறிக்கையை நேரில் படிக்கலாம், அல்லது ஒலிப்பதிவாகத் தரலாம். அது முதலில் வாரியத்தின் கொள்கையாக மட்டுமே இருந்தது, 2012இல் சட்டமானது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றலாம். அறிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். வாரியம் எதைக் கணக்கில் எடுக்கிறதோ அதைக் கைதிக்கும் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு பெண் தன் உடலுக்கும் உறக்கத்துக்கும் நேர்ந்ததை எழுதும்போது, அதை அவளைத் தாக்கியவன் படிப்பான் என்று தெரிந்தே எழுதுகிறாள். முகவரி போன்றவை மறைக்கப்படும். அவள் பதிவு செய்திருப்பதையும் கைதிக்குத் தெரிவிப்பதில்லை. சிறையிலிருந்து கடிதமோ தொலைபேசி அழைப்போ வராமல் தடுக்கும்படி கேட்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். இருந்தும், அறிக்கை தரத் துணிந்தவள் அந்த நிமிடமே தன் மறைவிலிருந்து வெளியே வந்துவிடுகிறாள். இந்த விலையை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

செலவு இன்னொரு தடை. கனடாவின் அளவில், குற்றம் மேற்குக் கரையில் நடந்திருக்கும். கைதி கியூபெக் சிறையில் இருப்பான். 2005இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சில் பாதிக்கப்பட்டோருக்கான தேசிய அலுவலகம் அமைந்தது. விசாரணைக்குச் செல்வோருக்கான பயண நிதியும் வந்தது. மறு ஆண்டே ஆல்சனின் பரோல் விசாரணை கியூபெக்கில் நடந்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் குடும்பங்கள் அவன் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. 2011இல் அவன் கைதியாகவே இறந்தான்.

சிறைத்துறையின் தனிப் பாதிக்கப்பட்டோர் சேவைப் பிரிவு 2007இல் நாடு தழுவிய திட்டமாயிற்று. அதுவரை கைதியைக் கவனித்த அதிகாரிகளே, மற்ற வேலைகளுக்கு நடுவே, பாதிக்கப்பட்டவருக்கும் பதில் சொன்னார்கள். இதற்கென்றே அதிகாரிகள் வந்தது பெரிய மாற்றம். ஆனால் இவர்கள் ஆலோசகர்களோ வழக்கறிஞர்களோ அல்லர். தகவலைச் சொல்வார்கள், கோப்பில் சேர்ப்பார்கள். அந்தத் தகவல் தட்டி எழுப்பும் பயத்துக்கு மருந்து மாகாணச் சேவைகளிடமோ தன்னார்வ அமைப்புகளிடமோதான். அதே 2007இல் பாதிக்கப்பட்டோருக்கான குறைகேட்பு அலுவலகமும் தொடங்கியது. ஸ்டீவ் சல்லிவன் முதல் குறைகேட்பாளர்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பாதிக்கப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் இடையிலான நேர்ச்சந்திப்பு. 1974இல் ஒன்டாரியோவின் எல்மைரா ஊரில் ஒரே இரவில் இருபத்திரண்டு இடங்களில் நாசம் செய்த இரு இளைஞர்களை, நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சியின் யோசனைப்படி, வீடு வீடாகப் போய் உரியவர்களைச் சந்திக்க நீதிபதி அனுப்பினார். உலகெங்கும் பரவிய சமரச நீதி முறையின் தொடக்கங்களில் ஒன்றாக இது பேசப்படுகிறது. 2004 முதல் சிறைத்துறையே கடுங்குற்றங்களிலும் இத்தகைய சந்திப்புகளை நடத்துகிறது. இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே, பயிற்சி பெற்ற நடுவர் நீண்ட தயாரிப்புக்குப் பின் அவர்களைச் சேர்த்து உட்கார வைக்கிறார். விசாரணை அறையில் கேட்க முடியாத கேள்விகளை அங்கே கேட்க முடிகிறது.

2015 ஜூலை 23 அன்று கனடாவின் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகவல், பாதுகாப்பு, பங்கேற்பு, இழப்பீடு ஆகிய நான்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் முதன்முறையாக உரிமை என்ற பெயர் பெற்றன. விடுவிக்கப்படும் குற்றவாளியின் தற்போதைய படத்தைப் பார்க்கவும், விசாரணைக்குப் போக முடியாதவர்கள் அதன் ஒலிப்பதிவைக் கேட்கவும் இயன்றது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், வன்முறைக் குற்றவாளிக்குப் பரோல் மறுக்கப்பட்டால் அடுத்த கட்டாயப் பரிசீலனையை ஐந்து ஆண்டு வரை தள்ளிப்போட இடமளித்தது. அடிக்கடி விசாரணைக்கு ஓடிய குடும்பங்களுக்கு இது மூச்சுவிட நேரம் தந்தது. ஆனால் உரிமை மீறப்பட்டால் வழக்குத் தொடுக்க முடியாது. அந்தந்தத் துறையிடமே புகார் கொடுக்கலாம், அதன் பின் குறைகேட்பாளரிடம் போகலாம். நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாத உரிமையை அரைகுறை உரிமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் குறை 2023 மே 29 அன்று அம்பலமானது. இரு பதின்பருவச் சிறுமிகளைக் கொன்ற பால் பெர்னார்டோவை ஒன்டாரியோவின் உச்சப் பாதுகாப்புச் சிறையிலிருந்து கியூபெக்கின் லா மக்காசா நடுத்தரப் பாதுகாப்புச் சிறைக்கு மாற்றினார்கள். மாற்றத்தைச் சொன்னார்கள், ஏன் என்று குடும்பங்களின் வழக்கறிஞர் கேட்டபோது கைதியின் அந்தரங்கச் சட்டத்தைக் காட்டினார்கள். ஜூலையில் வெளியான துறை மறுஆய்வு, முடிவு விதிப்படியே எடுக்கப்பட்டது என்றது. குடும்பங்களுக்குத் தெரிவித்த விதம் இன்னும் மேம்பட்டிருக்க வேண்டும் என்பதையும் ஏற்றது. அமைச்சர் அதற்கு உத்தரவும் இட்டார். விதியைப் பின்பற்றியதும் மனிதரை மதித்ததும் ஒன்றென அதிகாரிகள் எண்ணிய இடம் இது.

2024 நவம்பரில் பெர்னார்டோவின் பரோல் விசாரணை லா மக்காசாவில் நடக்கவிருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, குடும்பங்கள் நேரில் வரக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த முடிவு மாறியது. குடும்பத்தார் நேரில் சென்று தங்கள் அறிக்கைகளைப் படித்தார்கள். வாரியம் பரோலை மறுத்தது.