விளையாட்டில் வளர்ந்த மொழிகள்

தமிழகத்தின் எல்லையைக் கடந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு சிறுவன் ஒரே நாளில் மூன்று மொழிகளிடையே நடமாடுகிறான். பள்ளியில் ஒரு மொழி. விளையாட்டுத் திடலில் மற்றொரு மொழி. அடுக்களையில் தாய் பேசும் மொழி வேறு. இவற்றுள் எது அவனோடு நிலைக்கும், எது நழுவிப் போகும் என்பது பெற்றோர் பலரின் கவலை. பிறமொழி என்றதும் இலக்கண நூலும் பிரம்புமே நம்மவர் பலர்க்கு நினைவில் எழுகின்றன. ஆயினும் வரலாற்றை நோக்கின், மொழிகளை வீட்டிலிருந்தபடியே, விளையாட்டும் நகையுமாகக் கற்றுத் தேர்ந்தோர் பலர் இருந்தமை புலனாகும். அவர்களுள் சிலரை இங்குக் காண்போம்.

பிரான்சு நாட்டில், போர்தோ நகரை அடுத்த மாளிகை ஒன்றில் 1533-ஆம் ஆண்டு பிறந்தவர் மாண்டேன். கட்டுரை இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் அவரே. அவர் பேசத் தொடங்குமுன்பே, பிரெஞ்சு அறியாத, ஆனால் இலத்தீனில் வல்லவரான செர்மானிய ஆசிரியர் ஒருவரைத் தந்தையார் வீட்டில் அமர்த்தினார். குழந்தையின் முன்னிலையில் தாயும் தந்தையும் பணியாட்களும் தாம் அறிந்த இலத்தீன் சொற்களையே பேசவேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம். அதனால் வீட்டார் அனைவரும் மாணவராயினர். சுற்றியிருந்த சிற்றூர்களிலும் சில கருவிகளின் இலத்தீன் பெயர்கள் பரவி நிலைத்தன. கிரேக்க மொழியின் சொல்லுருபுகளையோ, பந்தெறிந்து பிடிப்பதுபோல் மாறி மாறிச் சொல்லும் ஆட்டமாகப் பயிற்றினர்.

ஆறு வயதளவில் மாண்டேன் பள்ளி சென்றார். வீட்டில் ஊறிய இலத்தீன் அங்கே தேய்ந்தது. பிற்காலத்தில் அதைப் பேசும் வழக்கமே அற்றுப்போனது. எனினும், ஒருநாள் நல்லுடலுடன் நின்ற தந்தையார் திடீரென மயங்கித் தம்மேல் சாய்ந்தபோது, தம் நெஞ்சின் ஆழத்திலிருந்து முதலில் எழுந்தவை இலத்தீன் சொற்களே என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். மழலைப் பருவத்தில் வீட்டில் கேட்ட மொழி எத்துணை ஆழத்தில் வேர் கொள்கிறது! புழக்கம் இன்றேல் அதுவே எத்துணை விரைவில் நாவை விட்டு நீங்குகிறது! இரண்டு உண்மைகளுக்கும் அவர் வாழ்வே சான்று.

மொராவிய நாட்டில் 1592-இல் பிறந்த கொமீனியஸ், போரினால் நாடிழந்து ஊர் ஊராக அலைந்த கல்வியாளர். பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் நெட்டுருச் செய்விப்பது வீண் என்பது அவர் கொள்கை. 1658-இல் நூரம்பர்க்கு நகரில் அவர் வெளியிட்ட பட நூலில் 150 படங்கள் உள்ளன. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்; அந்த எண்ணுக்கு நேரே இலத்தீனிலும் செர்மானியத்திலும் அதன் பெயர். எழுத்துகளைக் காகத்தின் கரைதல், ஆட்டின் கத்தல் ஆகிய ஒலிகளைக் கொண்டே தொடங்கினார். மறு ஆண்டே அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது. ஹங்கேரியில் பணிபுரிந்த காலத்தில், பாடங்களை நாடகங்களாக்கி மாணவரை மேடையேற்றியவரும் அவரே.

அப்பட நூலைக் கண்டு களித்த சிறுவர்களுள் செர்மானியக் கவிஞர் கதேயும் ஒருவர். தனித்தனி இலக்கணப் பயிற்சிகளில் சலிப்புற்ற அவர், இளமையில் ஒரு கதை புனைந்தார். உடன்பிறந்தார் அறுவர் எழுவர் உலகின் பல இடங்களில் பிரிந்து வாழ்கின்றனர். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுகின்றனர். மூத்தவன் எழுதுவது செர்மானியம். சமயக் கல்வி பயில்பவன் எழுதுவது இலத்தீன். ஆம்பர்க்கில் வணிகம் செய்பவன் ஆங்கிலத்திலும், மார்செய்யில் இருப்பவன் பிரெஞ்சிலும் எழுதுகின்றனர். இவ்வாறு ஒரு குடும்பத்தின் பிரிவே பல மொழிகளுக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. உறவினர் பல ஊர்களில் சிதறி வாழும் நமக்கு இக்கதை புதியதன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், 24 வயது நிரம்பும் தறுவாயில், தரங்கம்பாடியில் வந்திறங்கினார் சீகன்பால்கு. தமிழாசிரியர் ஒருவரை அவருடைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வரவழைத்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளின் நடுவே அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். சிறுவரோடு சிறுவராய் அமர நாணாத அம்மனிதர் இயற்றிய தமிழ் இலக்கணம், 1716-இல் செர்மனியின் ஆலே நகரில் அச்சாகியது. வீரமாமுனிவர் தந்த பரமார்த்த குரு கதையும் இங்கு நினைக்கத் தக்கது. நம் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் அக்கதை, தமிழ் பயிலும் ஐரோப்பியர்க்கும் பாடமாக உதவியது. 1822-இல் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியும் சேர்த்து அதனை இலண்டனில் பதிப்பித்தார்.

டிராய் நகரத்தை அகழ்ந்த ஷ்லீமனின் கதை நகைப்புக்கு உரியது. ஆம்ஸ்டர்டாமில் எளிய எழுத்தராக இருந்தபோது, நாள்தோறும் உரக்கப் படித்தும், கட்டுரை எழுதியும், திருத்தியதை மனப்பாடம் செய்தும் அவர் மொழிகளைக் கற்றார். 1844-இல் உருசிய மொழி கற்கையில், ஒப்பிப்பதைக் கேட்க ஆள் இல்லை. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத முதியவர் ஒருவர்க்கு வாரக் கூலி கொடுத்து, மாலைதோறும் எதிரில் அமர்த்திக்கொண்டார். இரைச்சல் பொறாத அண்டை வீட்டார் முறையிட, இருமுறை குடி மாற நேர்ந்தது என்று அவரே கூறுகிறார்.

இவர்கள் கண்ட வழிகளில் பெருஞ்செலவு பிடிப்பது மாண்டேனின் தந்தையாருடையது ஒன்றே. ஏனையவை எந்த இல்லத்திற்கும் எட்டுவன. இரவு உணவு வேளையை ஒரு மொழிக்கென ஒதுக்கலாம். வீட்டுப் பொருள்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் குழந்தைகளைத் தேடிப் படிக்கச் செய்யலாம். அண்டை வீட்டுச் சிறுவனையே அவன் மொழிக்கு ஆசானாக்கி, நம் பிள்ளையை அவனுக்குத் தமிழாசான் ஆக்கலாம். விடுமுறையில் ஒரு சிறு நாடகம் நடிக்கலாம். ஊரிலுள்ள பாட்டனாருக்குத் திங்கள்தோறும் ஒரு கடிதம், தமிழிலேயே, பிள்ளையின் கையால் எழுதப்படலாம்.

இக்கடைசிப் பணி மிக இன்றியமையாதது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது நம் கடமை. தெருவும் பள்ளியும் அதற்குத் துணை நிற்கும். தமிழுக்கோ இங்கு வீட்டை அன்றி வேறு துணை அரிது. ஊரிலிருந்து வந்த பாட்டி கதை சொல்லத் தொடங்கும்போது, பேரனுக்கும் அவருக்கும் இடையே ஒருவர் மொழிபெயர்த்து நிற்க வேண்டிய நிலை நம் இல்லங்களில் நேரலாகாது. அதனைத் தவிர்க்கப் பிரம்பு வேண்டுவதில்லை. நாளும் சிறிது நேரமும், உடனிருந்து கேட்கும் ஒரு செவியும் இருந்தால் போதும்.