குருதி உறைதலும் மருந்தின் சமூக வரலாறும்

மருத்துவ வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகக் காண்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். ஒரு மருந்து எத்தகைய உற்பத்தி உறவுகளினூடே நோயாளியை வந்தடைகின்றது என்ற வினா அவ்வழக்கில் எழுவதில்லை. நாட்பட்ட பெருநாடி நோயுற்றோரிடம் தோன்றும் குருதி உறைதற் கோளாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தகுந்ததொரு சான்றாகும்.

பெருநாடி புடைத்து விரிந்தவிடத்துக் குருதி இடையறாது உறைகின்றது. உறைதற்கு வேண்டிய தட்டணுக்களும் பைபிரினோஜனும் அங்கேயே செலவாகிவிடுவதால், சிலரிடம் உடலின் பிற பகுதிகளிற் குருதி கசியத் தொடங்குகின்றது. உறைதலே உறையாமையைத் தோற்றுவிக்கும் இம்முரண்பாட்டின் வேர் நாடிச் சுவரில் உள்ளது. ஆதலின் அதனைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையே அடிப்படைத் தீர்வாகும். அது இயலாதவிடத்து, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைத் தக்க கண்காணிப்புடன் செலுத்திக் கசிவைக் கட்டுப்படுத்துவதுண்டு.

ஹெப்பாரினின் தொடக்கம் 1916இல், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மாணவர் நிகழ்த்திய ஆய்வாகும். மனிதருக்குச் செலுத்தத்தக்க தூய்மையை அது பெற்றதோ 1930களில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கொனோட் ஆய்வுகூடத்திலேயே. அங்கு அதற்கு மூலப்பொருளானது மாட்டின் நுரையீரல். மாணவரும் ஆய்வாளரும் கொல்களத் தொழிலாளரும் பங்குகொண்ட கூட்டு உழைப்பின் விளைபொருளே இம்மருந்து.

உற்பத்தி சமூகத்தினுடையதாயினும் பங்கீடு அவ்வாறன்று. இவ்வுண்மையை இலங்கையில் உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரித் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் 1971இல் அளித்த அறிக்கையும், அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் தோற்றமும், வணிகப் பெயர்களுக்கு மாறாகப் பொதுப்பெயரில், கேள்விப்பத்திர மூலம் மருந்துகளை மொத்தமாகக் கொள்வனவு செய்ய வழிவகுத்தன. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அம்முயற்சி தளர்ந்தது. பிபிலே காலமானதும், உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலேயாம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்தமை நாமறிந்ததே. கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் பெருநாடியும் வெள்ளவத்தை வர்த்தகரின் பெருநாடியும் ஒரே உடலியல் விதிக்குட்பட்டவை. அரச மருந்தகத்தில் இல்லாததை வெளியே விலைகொடுத்து வாங்கும் ஆற்றலோ இருவர்க்கும் ஒன்றன்று. நோயின் முரண்பாட்டை மருத்துவர் தீர்க்கலாம். இரண்டாவது முரண்பாட்டைத் தீர்ப்பது சமூகத்தின் கடனாகும்.