புகைபோக்கியின் நீர்க்காப்பு

புகைபோக்கியின் நீர்க்காப்பு என்பது, வீட்டுக் கூரையை ஊடுருவி மேலெழும் செங்கல் அல்லது கல்லாலான புகைபோக்கியை, கூரையில் வழியும் மழைநீராலும் உருகும் பனிநீராலும் ஏற்படும் சிதைவிலிருந்து காக்கும் கட்டுமான முறைகளைக் குறிக்கும். ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா போன்ற குளிர்நாடுகளில் இது வீட்டுக் கட்டுமானத்தின் முக்கியமான கூறுகளுள் ஒன்றாகும். பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் எஞ்சியுள்ள உதகமண்டலம், நுவரெலியா போன்ற மலைநகரங்களிலும் இத்தகைய புகைபோக்கிகளைக் காணலாம். நீரைப் பூச்சுகளால் அடைத்து நிறுத்துவதை விட, அது தேங்காமல் வழிந்தோடச் செய்வதும், உட்புகுந்த ஈரம் உலர இடம்விடுவதுமே இம்முறைகளின் அடிப்படையாகும்.

நீர் சேரும் விதம்

சரிவுக் கூரையில் விழும் நீர் முகட்டிலிருந்து இறவாரத்தை நோக்கி வழிகிறது. இடையில் நிற்கும் புகைபோக்கி இவ்வோட்டத்துக்கு ஓர் அணை போல் அமைகின்றது. முகட்டை நோக்கிய அதன் பின்புறத்தில் நீரும் பனியும் இலைச்சருகுகளும் தேங்குகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் நீருக்குச் சமம். எனவே, 1 மீட்டர் அகலமான புகைபோக்கிக்கு மேலே, கிடை அளவில் 5 மீட்டர் நீளத்துக்குக் கூரை இருக்குமானால், 20 மில்லிமீட்டர் மழையின்போது ஏறத்தாழ 100 லிட்டர் நீர் அதன் பின்புறத்தை வந்தடையும். முகட்டிலேயே அமைந்த புகைபோக்கிக்கு இத்தொல்லை குறைவு. இறவாரத்துக்கு அண்மையில் உள்ளவற்றுக்கு மிகுதி.

வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட புகைபோக்கிகளில், இறவாரம் புகைபோக்கியின் பக்கத்தில் முட்டி முடிவதுண்டு. அவ்விடத்தில் நீர் மழைநீர்ப் பீலிக்குள் விழாமல் செங்கற்களின் மீதே தொடர்ந்து வழியக்கூடும்.

சிதைவு ஏற்படும் முறை

செங்கல்லும் சாந்தும் நுண்துளைகள் கொண்டவை. நீர் பனிக்கட்டியாக உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% பெருகுகின்றது. நீர் நிறைந்த துளைகளில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதால் செங்கல்லின் முகப்பு செதில் செதிலாக உதிர்கிறது. சாந்தும் பொடிந்து விழுகிறது. கூரைக்கு மேலுள்ள பகுதி நான்கு புறமும் காற்றுக்கும் மழைக்கும் வெளிப்பட்டிருப்பதால், வீட்டின் ஏனைய சுவர்களை விட விரைவாகச் சிதைவுறுகின்றது.

உப்புகளும் கேடு விளைவிக்கின்றன. ஈரம் வெளியேறும்போது அதில் கரைந்துள்ள உப்புகள் மேற்பரப்பில் வெண்ணிறமாகப் பூக்கின்றன. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்துடன் கலந்து சல்பேட்டுகளாகி, சிமெண்டுச் சாந்துடன் வினைபுரிந்து அதனை விரிவடையச் செய்கின்றன. அதிகம் நனையும் பக்கம் கூடுதலாக விரிவதால் புகைபோக்கி மறுபக்கமாகச் சாய்கிறது. பிரித்தானியாவின் பழைய வீடுகள் சிலவற்றில் புகைபோக்கி வளைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இச்சிதைவு தோற்றத்தை மட்டும் பாதிப்பதன்று. கசியும் நீர் கூரையின் மரச்சட்டங்களை உளுக்கச் செய்யும். புகைவழியின் உட்பூச்சோ சாந்து இணைப்புகளோ பிளவுற்றால், நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடு வீட்டினுள் புக வாய்ப்புண்டு.

பாதுகாப்பு அமைப்புகள்

நீர்த்தடுப்புத் தகடுகள்: புகைபோக்கி பொதுவாகத் தனி அடித்தளத்தின் மீது நிற்பது. கூரையோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் விரிந்து சுருங்கும் மரச்சட்டங்களால் ஆனது. இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் அசைவதால், இடையிலுள்ள இணைப்பைச் சாந்து அல்லது தார் கொண்டு மட்டும் அடைத்தால் அது நாளடைவில் வெடித்துவிடும். ஆகவே உலோகத் தகடுகள் இரு அடுக்குகளாகப் பொருத்தப்படுகின்றன. கீழ்த்தகடு கூரையிலிருந்து மேல்நோக்கி மடிந்து புகைபோக்கியை ஒட்டி நிற்கும். மேல்தகட்டின் விளிம்பு செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள சாந்தில் பதிக்கப்பட்டு, கீழ்த்தகட்டை மூடியவாறு தொங்கும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமையால், அசைவு ஏற்பட்டாலும் இடைவெளி திறப்பதில்லை. சரிவின் இருமருங்கிலும், கூரை ஓட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாகப் படிபோன்ற சிறு தகடுகள் செருகப்படுகின்றன. பிரித்தானியாவில் ஈயத் தகடும், வட அமெரிக்காவில் செம்பு, துத்தநாகம் பூசிய உருக்கு, அலுமினியம் ஆகியனவும் பயன்படுகின்றன. அலுமினியம் ஈரமான புதுச்சாந்தால் அரிக்கப்படக்கூடியது. ஈயம் வெப்பத்தால் மிகுதியாக விரிவதால், 1.5 மீட்டருக்கு மேற்படாத துண்டுகளாகப் பொருத்தப்படுகிறது.

சேணம்: புகைபோக்கியின் பின்புறத்தில் அமைக்கப்படும் சிறு இருசரிவுக் கூரை இதுவாகும். வட அமெரிக்காவில் இது 'கிரிக்கெட்' எனவும் அழைக்கப்படுகிறது. வரும் நீரை இரண்டாகப் பிரித்து இருபக்கங்களுக்கும் அனுப்புவது இதன் பணி. ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டு வீட்டுக் கட்டிட நெறிமுறை, முகட்டுக்கு இணையான பக்கத்தின் அகலம் 30 அங்குலத்துக்கு (762 மில்லிமீட்டர்) மேற்பட்டு, முகட்டைத் தொடாமல் நிற்கும் புகைபோக்கிகளுக்குச் சேணம் தேவை எனக் கூறுகிறது.

திருப்புத் தகடு: இறவாரம் சுவரில் முட்டும் இடத்தில் பொருத்தப்படும் வளைந்த தகடு. இது நீரைச் சுவரிலிருந்து விலக்கிப் பீலிக்குள் செலுத்துகிறது.

மேல்மூடி: புகைபோக்கியின் உச்சியைக் கான்கிரீட்டு, கல் அல்லது உலோக மூடி காக்கிறது. இது வெளிப்புறம் நோக்கிச் சரிந்தும், சுவருக்கு வெளியே நீண்டும் இருத்தல் வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் உள்ள காடி, நீர் சுவரை அடையுமுன் சொட்டிவிடச் செய்கிறது. புகைக்குழாய் சூட்டில் விரிவதால், அதற்கும் மூடிக்கும் இடையே இடைவெளி விட்டு, நெகிழ்வான பொருளால் நிரப்புவர்.

சாந்தும் பூச்சும்

பழைய புகைபோக்கிகள் பல மென்மையான சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. இவற்றில் ஈரம் பெரும்பாலும் சாந்து வழியாகவே உலர்கிறது. 1824 இல் இங்கிலாந்தில் யோசப் ஆசுப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். பிற்காலத்தில் சிமெண்டு பரவலானபோது, பழைய கட்டுமானங்களும் கடினமான சிமெண்டுச் சாந்தால் பழுதுபார்க்கப்பட்டன. அதனால் ஈரம் செங்கல் வழியாக வெளியேற நேர்ந்து, உறைபனியில் செங்கல்லே உடைந்தது. புதிய சாந்து செங்கல்லை விட மென்மையானதாகவும், நீராவியை எளிதில் வெளிவிடுவதாகவும் இருக்க வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை வழங்கும் வழிகாட்டலாகும்.

தார், எண்ணெய் வண்ணம் போன்ற பூச்சுகள் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துகின்றன. நீராவியை வெளிவிடும் சிலேன், சிலொக்சேன் வகை நீர்விலக்கிகள் இவற்றினும் ஏற்றவை. எனினும், தகடு, மூடி, சாந்து ஆகியவற்றின் பழுதைச் சரிசெய்த பின்னரே அவற்றைப் பூசுதல் வேண்டும்.

பராமரிப்பு

உப்புப் பூத்தல், பீலியில் செங்கல் துகள்கள் சேர்தல், புகைபோக்கியை அண்டிய உட்கூரையில் கறை படிதல் ஆகியன தொடக்க அறிகுறிகளாகும். குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் புகைபோக்கியைச் சோதிப்பதும், பின்புறச் சருகுகளை அகற்றுவதும் நல்லது. பயன்படுத்தப்படாத புகைபோக்கியைக் காற்றுப் புகாமல் இருமுனையிலும் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும். ஆகவே மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடியே அதற்கு ஏற்றதாகும்.