இன்னும் இரண்டு பெட்டிகள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பங்குத் தந்தையராகிய நமக்குப் புதியதொரு பணி வந்து சேரும். பீடச் சிறுவர், பாடகர் குழு, மறைக்கல்விப் பிள்ளைகள் என ஒவ்வொரு குழுவும் ஒருநாள் சுற்றுலாவுக்கு ஏங்கி நிற்கும். பெயர்ப் பட்டியல் எழுதி, இருக்கைகளை எண்ணி, எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போது வாசலில் ஒரு தாய் நிற்பார். "சாமி, இன்னும் ரெண்டு பேர்தானே, எப்படியாவது ஏத்திக்குங்க" என்பார். மறுக்க மனம் வராது. மறுக்காமல் இருப்பதே அன்பு என்றும் தோன்றும். அந்த வேளைகளில் நம் நினைவுக்கு வருவது வட அயர்லாந்தின் ஆர்மா நகரம்.

ஒருநாள் சுற்றுலா என்பது புகைவண்டி நமக்குத் தந்த கொடை. அதற்கு முன் எளியவருக்கு அவர் கால்கள் சென்ற தூரமே உலகம். 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தனி வண்டியில் அழைத்துச் சென்றார். குடியை மறக்க மாற்று மகிழ்ச்சி வேண்டும் என்பது அவர் எண்ணம். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, உழைப்பவருக்குச் சில நாட்கள் ஓய்வை உறுதி செய்தது. விடுமுறை நாட்களில் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. கடலைக் காணாத பிள்ளைகள் கடலைக் கண்டார்கள்.

ஆர்மா, புனித பேட்ரிக்கின் நினைவோடு பிணைந்த தொன்மையான நகரம். 1889 ஜூன் 12 அன்று அங்கிருந்த மெதடிஸ்ட் சபையினரின் ஞாயிறு பள்ளி, வாரன்பாயின்ட் என்னும் கடற்கரை ஊருக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தது. தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். எண்ணூறு பேர் வருவர் எனக் கணக்கிட்டு வண்டி கேட்கப்பட்டது. அன்று காலையில் வந்து நின்றவரோ ஏறக்குறைய 940 பேர். எவரையும் திருப்பி அனுப்ப மனமில்லை. பதின்மூன்று பெட்டிகள் என்றிருந்தது பதினைந்தாயிற்று. இவ்வளவு பாரத்தை ஏற்றத்தில் இழுப்பது கடினம் என்று ஓட்டுநர் தயங்கினார். அவர் தயக்கத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. பயணச்சீட்டு இல்லாதவர் ஏறிவிடாதபடி பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டன. வண்டி புறப்பட்டது.

நகரை விட்டதும் செங்குத்தான ஏற்றம். உச்சிக்குச் சற்றே முன்பாக இன்ஜின் ஓய்ந்து நின்றது. பின்னால் வரவேண்டிய வழக்கமான வண்டி வந்து தள்ளும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் தாமதத்தை யார் விரும்புவர்? முன் ஐந்து பெட்டிகளை முதலில் கொண்டுபோய் விட்டு, பிறகு வந்து மற்றவற்றை இழுப்பது என்று முடிவாயிற்று. அக்காலத்தில் அவ்வண்டியில் இருந்த பிரேக், இன்ஜினோடு இணைப்பு இருக்கும்வரைதான் வேலை செய்யும். இணைப்பைக் கழற்றியதும் பின்னிருந்த பத்துப் பெட்டிகளைத் தாங்கி நின்றவை கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே. முன்பகுதி நகர முயன்றபோது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருளத் தொடங்கின.

பின்னால் வழக்கமான பயணியர் வண்டி வந்துகொண்டிருந்தது. முன் வண்டி சென்று இத்தனை நிமிடம் ஆகிவிட்டால் அடுத்த வண்டியை அனுப்பலாம் என்பதே அந்தப் பாதையின் விதி. முன் வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கடிகாரம் அறியாது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உருண்டு வந்த பெட்டிகள் அந்த வண்டியின் மீது மோதின. எண்பது பேர் மாண்டனர். ஏறக்குறைய 260 பேர் காயமுற்றனர். அவர்களுள் சிறார் பலர். பூட்டிய கதவுகளுக்குள் இருந்தவர்களால் குதித்துத் தப்பவும் இயலவில்லை.

இந்நிகழ்ச்சியில் கொடியவர் என்று யாரை நாம் சுட்டுவோம்? சுற்றுலா அமைத்தவர் பிள்ளைகளின் மகிழ்ச்சியை நினைத்தார். பெட்டி சேர்த்தவர் எவரும் ஏமாறக் கூடாதென நினைத்தார். வண்டியைப் பிரித்தவரும் பயணம் தடைப்படக் கூடாதென்றே நினைத்தார். நல்லெண்ணம் எங்கும் இருந்தது. கணக்கு மட்டும் இல்லை. பாரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கு முந்திய நாளே விடை கண்டிருந்தால் அன்று மாலை அந்தப் பிள்ளைகள் கடல் மணலை உதறிக்கொண்டு வீடு திரும்பியிருப்பர்.

நாட்டின் மனம் அதிர்ந்தது. தொழிலுக்குள் அரசு தலையிடுவதை விரும்பாத நாடாளுமன்றம், அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் இருப்புப்பாதை ஒழுங்குச் சட்டத்தை நிறைவேற்றியது. பயணியர் வண்டி செல்லும் பாதைகளில் ஒரு பகுதிக்குள் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொன்று நுழையலாகாது. பெட்டிகள் பிரிந்தால் பிரேக் தானாகவே சக்கரங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். இவ்விரு நெறிகளும் அறிஞர் முன்பே அறிந்தவைதாம். செலவைக் காட்டி நிறுவனங்கள் தள்ளிப்போட்டு வந்தன. எண்பது உயிர்கள் போன பின்பே அவை கட்டாயமாயின.

இன்று நம் நாட்டு இருப்புப்பாதைகளிலும் இவ்விரு நெறிகளே காவலாய் நிற்கின்றன. திருவிழாக் காலத்தில் ஊருக்கு வெளியே, வயல்வெளி நடுவே வண்டி நின்றுவிடுகிறது. "சிக்னல் கிடைக்கவில்லை" என்கிறார் ஒருவர், நாம் முணுமுணுக்கிறோம். முன்னால் ஒரு வண்டி இருக்கிறது, அதில் யாரோ பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே அந்தச் சிவப்பு விளக்கின் பொருள். நம் பொறுமையால் அவர்களும், நமக்குப் பின்னால் வருபவர் பொறுமையால் நாமும் பிழைக்கிறோம்.

2014-இல், விபத்து நடந்து 125 ஆண்டுகள் ஆனபோது, ஆர்மா நகரில் ஒரு நினைவுச் சிலை எழுப்பப்பட்டது. கடற்கரையில் விளையாட வாளியும் சிறு மண்வாரியும் ஏந்திய ஒரு சிறுமியின் உருவம் அது.

அடுத்த முறை அந்தத் தாய் வாசலில் வந்து நிற்கும்போது, "இந்த வண்டியில் இடமில்லை அம்மா; அடுத்த வாரம் இன்னொரு வண்டி வைப்போம்; உன் பிள்ளைகளின் பெயரை அதில் முதலில் எழுதுகிறேன்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அவர் முகம் வாடும். நம் மனமும் வாடும். ஆயினும் மாலையில் எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்புவார்கள்.