சாயம் காட்டிய வலை

கண்ணாற் கண்டதும் பொய்யாகலாம் என்பர் முன்னோர். நுணுக்குக்காட்டியைக் கையாள்வோர்க்கு இது நாள்தோறும் வேண்டப்படும் எச்சரிக்கை. உயிருள்ள கலம் பெரும்பாலும் நிறமற்றது. ஆதலின் இழையத்தை மருந்து நீரிற் பதப்படுத்தி, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமூட்டிய பின்னரே உள்ளிருக்கும் புன்னங்கங்கள் தெளிவாகப் புலனாகும். அங்ஙனம் புலனாவது கலத்தின் உறுப்போ, சாயத்தின் விளையாட்டோ? ஒரு புன்னங்கத்தின் வரலாற்றில் இவ்வினா அரை நூற்றாண்டு நீடித்தது.

இத்தாலிய மருத்துவர் கமில்லோ கொல்கி 1873ஆம் ஆண்டில், நரம்பிழையத்தைப் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் பின்னர் வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவைக்கும் முறையை வெளியிட்டார். எண்ணற்ற நரம்புக் கலங்களுள் சில மட்டும், கிளை நுனிவரை, மஞ்சள் நிலத்திற் கருங்கோடுகளாய் எழுந்தன. அக்கலங்கள் யாவும் இணைந்து ஒரே வலையாயுள்ளன என்று கொல்கி நம்பினார். அவர் முறையையே கையாண்ட ஸ்பானிய அறிஞர் கஹால், ஒவ்வொரு கலமும் தனித்ததே என வாதிட்டார். 1906இல் நோபெற் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்; பிற்கால ஆராய்ச்சி கஹாலின் பக்கமே நின்றது.

கொல்கி கண்ட வலை மற்றொன்றும் உண்டு. தம் முறையைச் சற்றே மாற்றிக் கூகையின் சிறுமூளையை ஆராய்ந்தவர், கலத்தினுள்ளேயே நுண்ணிய வலையொன்று இருப்பதாக 1898இல் அறிவித்தார். ஆனால் அது ஒரு சீவலில் தோன்றியது, மற்றொன்றில் மறைந்தது. வெள்ளி படிந்த கறையே அது என்றனர் பலர். 1926இல் கொல்கி மறைந்தபோதும் ஐயம் மறையவில்லை. 1949இற்கூட, பலாடே, குளோட் என்னும் வல்லுநர் இருவர், பதப்படுத்தும்போது உண்டாகும் செயற்கைத் தோற்றமே அது என எழுதினர்.

ஐயம் தீர்த்தது இலத்திரன் நுணுக்குக்காட்டி. 1954இல் டால்ற்றன், பீலிக்ஸ் ஆகிய இருவரும், வெள்ளியின் துணையின்றியே, அடுக்கி வைத்த தட்டையான பைகளைப் போன்ற அமைப்பை அங்கே கண்டனர். வியப்பு யாதெனில், அன்று ஐயுற்ற பலாடேயே பின்னர் யேமிசனுடன் கூடி, கதிர்வீசும் அமினோ அமிலத்தைக் கலத்துட் செலுத்தி, அதனாலான புரதம் சுரக்கப்படுமுன் கொல்கிப் பகுதியூடாகச் செல்வதை 1967இல் காட்டினார். 1974இல் நோபெற் பரிசும் பெற்றார்.

ஒரே சாயம் ஒரு வலையிற் பிழைக்கும், மற்றொரு வலையில் மெய்க்கும் இடந்தந்தது. ஒரு வழியாற் கண்டதை வேறொரு வழியாலும் காணும்வரை அமைதி கொள்ளாமையே ஆராய்ச்சியின் அறம்.