ஆட்டுமயிரும் ஆயர்தம் நிலத்தொண்டும்

திருமாலிருஞ்சோலையென ஆன்றோர் போற்றும் அழகர்மலையின் அடிவாரத்து நாட்டிலே மந்தையோடு வாழ்ந்த நம் முன்னோரின் பெருமையைப் பேசப் புகுவோர், பாலையும் தயிரையும் நெய்யையுமே எடுத்தோதி நிற்பர். ஆயர் இந்நாட்டு மண்ணுக்கு ஆற்றிய தொண்டினை நினைப்பார் மிகச் சிலரே. அத்தொண்டின் வரலாற்றையும், அதனுள் வீணே கழிந்துவரும் ஒரு பொருளையும் பற்றி நம் சங்கத்து அன்பர்க்குச் சில கூற விழைகின்றோம். அப்பொருள் ஆட்டுமயிர்.

மதுரைக்கும் ஆயர்க்கும் உள்ள உறவு மிகத் தொன்மையது. கோவலனும் கண்ணகியும் மதுரை வந்தெய்தியபொழுது அவர்க்குப் புகலிடம் ஆயது, மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் மனையே என்று சிலப்பதிகாரம் கூறும். அழகர்மலையைத் திருமால்குன்றம் என்று சிறப்பிப்பதும் அந்நூலே. பிற்காலத்தே கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பிய அரசரும் செல்வரும் ஆடுகளை நம்மவரிடம் ஒப்புவித்து, அவற்றின் பயனாக நெய் அளக்கச் செய்தனர். சோழர் கல்வெட்டுக்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடு எனப் பலவிடத்தும் காணலாம். மந்தையிற் சில இறப்பினும் குட்டிகள் பெருகித் தொகையை நிறைவிப்பதால், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். அழியாத முதலொன்றைக் காக்கும் நேர்மை நம் முன்னோர்பால் உண்டென்று நாடு நம்பியதற்கு இக்கற்களே சான்று.

இனி நிலத்தொண்டினைக் காண்போம். அறுவடை முடிந்த வயல்களில் இரவிலே ஆடுகளை அடைத்து வைப்பதே கிடை அமர்த்தல். கீதாரி என்னும் தலைவரின் கீழ்ப் பல குடும்பத்தார் தம் ஆடுகளை ஒன்றுசேர்த்து, ஊர்விட்டு ஊர் செல்வர். பகலில் மேய்ந்த ஆடுகள் இரவிற் புழுக்கையும் சிறுநீரும் இட்டு நிலத்தை வளமாக்கும். மறுநாட் கிடை அடுத்த வயலுக்கு மாறும். வண்டியும் கூடையும் வேண்டாது எரு தானே நடந்து வந்து வயலிற் பரவுகின்றது. இதற்குக் கூலியாக நிலமுடையார் நெல் அளந்தனர். ஆட்டெரு அவ்வாண்டே பயன் தரும், மாட்டெரு மறுவாண்டிற்றான் தரும் என்பது உழவர் துணிபு. 1895-ஆம் ஆண்டிற் பெரியாற்று அணை நிறைவெய்தி, மேலூர்ப் பக்கத்து நிலங்கள் கால்வாய்ப் பாசனம் பெற்றன. நீரைத் தந்தது அணை. எருவைத் தந்தது கிடை. பின்னர் 1960-களுக்குமேல் இரசாயன உரம் பரவவே, கிடைக்கு இருந்த மதிப்புக் குறைந்தது.

ஆட்டின் எப்பகுதியையும் நம்மவர் வீணாக்கியதில்லை. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகர்மீது அடியார் நீர் பீய்ச்சுவதும் ஆட்டுத்தோற் பையினாலன்றோ? ஆயினும் மயிரின் நிலை வேறு. இச்சமவெளியில் மேயும் செம்மறியாடுகளுட் பெரும்பாலன குறுமயிரின, கம்பளிக்கு உதவா. குறும்பையாட்டின் முரட்டு மயிரோ ஒருகாற் கம்பளி நெய்வார்க்குப் பயன்பட்டது. ஆலைக் கம்பளிகள் மலிந்தபின் அதனை வாங்குவாரும் அருகினர். ஆதலின் கத்தரித்த மயிர் குப்பையிற் சேர்கின்றது.

இம்மயிரே நிலத்திற்கு உணவாம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 19-ஆம் நூற்றாண்டிற் கம்பளி ஆலைகள் பெருகியபொழுது, அவற்றின் கழிவை உழவர் வாங்கி, ரூபார்ப் என்னும் தண்டுப்பயிருக்கு உரமாக இட்டனர். அவ்வூர்ப் பயிர் 2010-இல் ஐரோப்பியப் புவிசார் காப்புரிமை பெறும் அளவிற்குப் புகழெய்தியது. கழுவாத மயிரிலே தழைச்சத்து நூற்றுக்கு ஏறக்குறையப் பத்துப் பங்கு உண்டு; அதிற் படிந்த வியர்வைக் கசட்டிற் சாம்பற்சத்தும் உண்டு. அது மெல்ல மெல்லவே மக்குவதால், சத்தும் சிறுகச் சிறுகவே பயிரைச் சேரும்.

இதனைச் செடியின் அடியில் மூடாக்காக இடும் முறை எளிது. முதலில் நிலத்தை நன்கு நனைத்து, களை நீக்கி, மயிரை இரண்டு மூன்று விரற்கடைக் கனத்திற்குப் பரப்புக. தண்டினை ஒட்டாமற் சிறிது இடம் விடுக. காற்றிற் பறவாதபடி மேலே மண்ணோ சருகோ இடுக. மயிரின் பிசுக்கு முதலில் நீரை ஒட்டாது விலக்கும். ஆதலின் மயிரையும் நனைத்திடல் நன்று. உண்ணிக்கு மருந்து தெளித்த ஆட்டின் மயிரை அண்மையில் இடற்க. இங்ஙனம் செய்யின் வெயிலால் ஈரம் வற்றுதலும் களை முளைத்தலும் குறையும். சித்திரை வைகாசி வெயிலிலே மல்லிகைக்கும் கொடிக்காய்க்கும் இது பேருதவியாம்.

அன்பர்காள்! மேய்ச்சற் புறம்போக்குகள் சுருங்குகின்றன. கீதாரி மக்கள் ஆண்டின் பெரும்பகுதியை வெயிலிலும் மழையிலும் கழிக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளின் கல்வி இடையறுகின்றது. மந்தை வைத்திருப்போர் மயிரை எறியாது சேர்த்து வைப்பாராக. நிலமும் தோட்டமும் உடைய நம் சங்கத்தார் அதனை விலை கொடுத்து வாங்குவதோடு, தம் வயலிற் கிடை அமர்த்தித் தக்க கூலியும் தருவாராக. முன்னோர் தொழிலைப் புகழ்வது எளிது. அத்தொழிலில் இன்றும் உழல்பவனுக்கு உதவுவதே அப்புகழுக்குப் பொருளாவது.